பெட்டிக்குப் பிடிக்காத காற்று

முந்நூறு பேரைச் சுத்தமான காற்றிலிருந்து காப்பாற்றியவள் நான். இதை எந்த வேலைக்கான விண்ணப்பத்திலும் இதுவரை எழுதியதில்லை. எழுதினால் வேலை கிடைக்காது என்பது ஒரு பக்கம். "அதை எப்படிம்மா செஞ்சீங்க?" என்று யாராவது கேட்டுவிட்டால் பதில் சொல்ல அரை நாள் ஆகும் என்பது இன்னொரு பக்கம். இன்று எனக்கு நேரம் இருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் இயற்பியல் மூன்றாம் ஆண்டு. வீடு காலடிப்பேட்டையில், கல்லூரி ராயபுரம் பக்கத்தில். படிப்பில் சுமார், வாயில் முதல் வகுப்பு. அந்த வருடம் கல்லூரியில் திடீரென்று ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். மாணவர்கள் பாடத்திட்டத்துக்கு வெளியே ஏதாவது ஒரு புதிய தொழில்நுட்பத்தை எடுத்துக்கொண்டு, தாங்களாகவே கற்று, தாங்களாகவே எதையாவது செய்து பார்க்கலாம். மார்க் கிடையாது. சொல்லித்தர ஆள் கிடையாது. அந்த நேரத்துக்கு வருகைப்பதிவும் கிடையாது. (கடைசி வரிக்காகவே முதல் நாள் நாற்பது பேர் வந்தார்கள்.)

எங்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம் துறைக்குப் பின்னால் இருந்த ஸ்டோர் ரூம். கால் உடைந்த நாற்காலிகளை வெளியே தள்ளி, ஒட்டடை அடித்து, ஒரு மேஜையை நிமிர்த்தி வைத்ததும் நாற்பது பேர் ஏழு பேரானார்கள். ஒரு வாரத்தில் அதுவும் இரண்டானது. மீதி ஐந்து பேர் வைஃபைக்காக வந்தவர்கள் என்பதும், வைஃபை அந்தச் சுவரைத் தாண்டி வராது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

மிஞ்சிய இரண்டு பேரில் ஒருத்தி நான். இன்னொருத்தி நஸ்ரீன். வண்ணாரப்பேட்டைக்காரி. நான் பேசுவேன், அவள் செய்வாள். இந்த ஏற்பாட்டில் எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை.

அந்த ரூம் எங்களுக்கு எவ்வளவு பிடித்துப்போனது என்பதை எப்படிச் சொல்ல? வீட்டில் நான் படிக்கிற இடம் பிரிட்ஜுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில். நஸ்ரீன் வீட்டில் ஒரே அறையில் ஆறு பேர். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கதவு, ஒரு மேஜை, "இதை எதுக்குச் செய்யறே" என்று கேட்க ஆளில்லாத மூன்று மணி நேரம். அங்கே இரண்டு சர்க்யூட் போர்டுகளைப் புகைய வைத்தோம். வெளிநாட்டுக்காரர் ஒருவரின் வீடியோவை மெதுவாக ஓடவிட்டு, அவர் குடித்துவிட்டுப் பேசுவதுபோல் கேட்கக் கேட்கக் கற்றுக்கொண்டோம். முதன்முதலாக ஒரு சின்ன விளக்கு எங்கள் பேச்சைக் கேட்டு எரிந்தபோது, சொன்னால் நம்பமாட்டீர்கள், இரண்டு பேரும் அழுதோம்.

துறைத்தலைவர் சார் மட்டும் வாசலில் நின்று அவ்வப்போது எட்டிப் பார்ப்பார். அவர் பேசுவது அச்சடித்த மாதிரி இருக்கும். வாக்கியத்தை வினைமுற்றோடுதான் முடிப்பார். ஒருநாள் சொன்னார்:

"பழைய தேர்வுத்தாள் மூட்டைகளை வைக்க இடமில்லை. இந்த அறையைக் கேட்கிறார்கள். அடுத்த மாதம் தெற்கே பெரிய கல்லூரியில் மாணவர் கண்காட்சி நடக்கிறது. அதில் நீங்கள் தேர்வானால் அறை உங்களுக்கு. இல்லையென்றால் மூட்டைகளுக்கு."

ஆக, எங்களுக்கு எதிரணி மூட்டை. தோற்றால் காகிதத்திடம் தோற்றவர்கள் என்று பெயர் வரும்.

என்ன செய்வது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் எல்லோரும் நாள் தவறாமல் பேசுகிற விஷயம் ஒன்றுதான்: இன்றைக்கு நாற்றம் அதிகமா, நேற்றைக்கு அதிகமா. ஆலைகள் இருக்கும் மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பினால் தெருவே மூக்கைத் தூக்கும். எங்கள் நைனா, அதாவது அப்பா, ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர். மொட்டைமாடியில் நின்று ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, "இது காலைல வந்ததில்ல, வேற" என்று தரம் பிரிப்பார். எதிர்வீட்டுக்காரர் அதை ஒத்துக்கொள்ள மாட்டார். இந்தச் சண்டையை ஒரு கருவி தீர்த்து வைத்தால் எப்படி இருக்கும்?

அப்போது எங்களுக்குக் கிடைத்த புதிய பொம்மை, கட்டைவிரல் அகலச் சிப்புக்குள் அடங்குகிற செயற்கை நுண்ணறிவு. அதற்கு நல்லது கெட்டது எதையும் சொல்லித்தர வேண்டாம். 'வழக்கமாக இப்படித்தான் இருக்கும்' என்று பதினைந்து நாள் காட்டினால் போதும். அதன் பிறகு வழக்கத்துக்கு மாறாக எது வந்தாலும் கண்டுபிடித்துவிடும். மாறுதல் எவ்வளவு பெரியதோ அவ்வளவு அடிக்கடி கத்தும். காற்றை முகர ஒரு சென்சார், கத்த ஒரு ஸ்பீக்கர், அளவுகளை எல்லாம் நஸ்ரீனின் போனுக்கு அனுப்ப ஒரு சின்ன ஏற்பாடு. அவ்வளவுதான்.

பதினைந்து நாள் பெட்டி எங்கள் மொட்டைமாடியில் இருந்து பாடம் படித்தது. இந்த இடத்தில் நான் காட்டிய விஞ்ஞான ஒழுக்கத்தை நீங்கள் பாராட்டியே ஆக வேண்டும். நாற்றம் அதிகமான நாளைப் பாடத்தில் சேர்த்துவிடக் கூடாது அல்லவா? அதனால் தினமும் காலையில் நோட்டை எடுத்துக்கொண்டு தெருவில் பன்னிரண்டு வீடு ஏறி இறங்கினேன்.

"இன்னிக்குக் காத்து எப்டிக்கா கீது?"

"நார்மல்தான்மா," என்பார் அக்கா. பிறகு கொஞ்ச நேரம் இருமுவார். பிறகு மறுபடியும், "நார்மல்தான்."

பன்னிரண்டு வீடும் நார்மல் என்று சொன்னால் அந்த நாளை 'சுத்தமான காற்று' என்று எழுதிப் பெட்டிக்குக் கொடுத்தேன். ஒரு வீடு முகம் சுளித்தாலும் அந்த நாள் தள்ளுபடி. (இவ்வளவு கவனமாக நான் பரீட்சைகூட எழுதியதில்லை.)

குரல் யாருடையது என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. ரீட்டா அத்தை. நைனாவின் தங்கை. மாதா கோயில் திருவிழாவில் மைக் பிடித்துக் காணாமல் போன பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிடுகிறவர். மைக்கில் பேசும்போது அத்தையின் தமிழ் சாமியார் பிரசங்கம் மாதிரி இருக்கும். மைக்கை வைத்துவிட்டால் சொந்தத் தமிழ். எனக்கு வேண்டியது சொந்தத் தமிழ். ஆபத்து நேரத்தில் எங்கள் ஜனங்களுக்குப் புரிய வேண்டுமே. இரண்டே வசனம் பதிவு செய்தோம்.

எல்லாம் ஒழுங்காக இருந்தால் கால் மணிக்கு ஒரு முறை: "காத்து சரியா கீது. அவங்கவங்க வேலைய பாருங்க."

மாறுதல் வந்தால்: "ஏய்! காத்து சரியில்ல! ஜன்னல மூடு! கொயந்தைங்கள தூக்கினு ஓடு! சீக்கிரம்!"

சோதனை ஓட்டம் பிரமாதமாக நடந்தது. அம்மா நெத்திலிக் கருவாடு வறுத்தாள், பெட்டி கத்தியது. பக்கத்து வீட்டில் கொசுவத்தி கொளுத்தினார்கள், கத்தியது. முனையில் குப்பையை எரித்தார்கள், நாங்கள் பார்ப்பதற்கு முன்பே கத்தியது. தெருவே வந்து பார்த்தது. அத்தைக்கு ஒரே பெருமை. "நான் சொன்னா கரீட்டா கீதா இல்லியா?" என்று எல்லோரையும் கேட்டார். தன் குரலில் வருவதால் தானே கண்டுபிடித்துச் சொல்வதாக அவருக்கு ஒரு நினைப்பு.

பெருமையில் நான் இரண்டு காரியம் செய்தேன். ஆபத்து நேரத்தில் யாரும் அணைத்துவிடக் கூடாது என்று பெட்டிக்கு சுவிட்சே வைக்கவில்லை. உப்புக்காற்றில் துருப்பிடிக்கக் கூடாது என்று, குழாய்க்குப் பிளம்பர்கள் அப்புகிற பசையை வாங்கி மூடியைச் சுற்றி அப்பிவிட்டேன். அது காய்ந்தால் சுத்தியலுக்கும் அசையாது.

"பேட்டரி தீர்ற வரைக்கும் ஓடும்டி," என்றாள் நஸ்ரீன்.

"அதான் வேணும்," என்றேன்.

கண்காட்சி நாள் காலை. வழியில் தூசி புகாமல் இருக்கப் பெட்டியின் மூக்கை, அதாவது சென்சாருக்கு முன்னால் இருந்த ஓட்டையை, வீட்டிலேயே டேப் போட்டு ஒட்டினேன். அத்தை தேர்த்திருவிழாப் புடவையில் தயாராக நின்றார். "என் கொரலு போட்டிக்குப் போவுது, நான் வராம இருப்பேனா?" நியாயமான கேள்வி. மூன்று பேரும் பஸ் ஏறினோம். வழி நெடுகப் பைக்குள்ளிருந்து கால் மணிக்கு ஒரு முறை "காத்து சரியா கீது" என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. முன் சீட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்து "சரிம்மா" என்றார்.

அந்தக் கல்லூரியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வாசலிலிருந்து அரங்கம் வரை மரம், மரம், மரம். புல்வெளியில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். அரங்கத்து ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன, உள்ளே கிளை நீட்டிக்கொண்டு வேப்பமரம். வந்தவர்கள் எல்லாம் இஸ்திரி போட்டவர்கள். அவர்களுடைய கருவிகளும் இஸ்திரி போட்டவை. ரோபோ ஒன்று டீ கொடுத்துக்கொண்டிருந்தது. எங்கள் பெட்டி, ஒரு காலத்தில் பிஸ்கெட் இருந்த பெட்டி.

துறைத்தலைவர் சார் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நடுவர்கள் மூன்று பேர். நடுவில் பச்சைச் சட்டை போட்ட பெரியவர், அவர்தான் தலைமை. ஓரத்தில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா, வந்ததிலிருந்து எதையோ குறித்துக்கொண்டே இருந்தார்.

எங்கள் முறை வந்தது. நான் நான்கு பக்கம் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்திருந்தேன். திட்டம் இதுதான்: டேப்பை உரிப்பது, பெட்டி "காத்து சரியா கீது" என்று சொல்வது, நான் பேசுவது, கடைசியில் நஸ்ரீன் ஓர் ஊதுபத்தியைக் காட்ட, பெட்டி கத்த, கைதட்டல்.

டேப்பை உரித்தேன்.

வேப்பமரத்துக் காற்று மெல்ல வீசியது. பெட்டி ஒரு நொடி யோசித்தது.

"ஏய்! காத்து சரியில்ல! ஜன்னல மூடு! கொயந்தைங்கள தூக்கினு ஓடு! சீக்கிரம்!"

நான் சிரித்துச் சமாளித்தேன். "ஒன் மினிட் சார்." பெட்டியைத் தட்டினேன். மறுபடியும் கத்தியது. கொஞ்சம் திருப்பி வைத்தேன். இடைவெளி இல்லாமல் கத்த ஆரம்பித்தது. அரங்கத்தில் ஒரு முணுமுணுப்பு. யாரோ ஒருவர் "கேஸ் லீக்கா?" என்று கேட்டுவிட்டார். அது போதுமே.

அதுகூடச் சமாளித்திருக்கலாம். ஆனால் அந்த அரங்கத்தில் எங்கள் பெட்டியை முழு மனதாக நம்புகிற ஒரே ஜீவன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தது. அத்தை எழுந்தார். புடவையை இழுத்துச் செருகினார். நான் தடுப்பதற்குள் மேடை ஏறி மைக்கைப் பிடித்துவிட்டார். மைக் கைக்கு வந்ததும் தமிழ் தானாக மாறியது.

"அன்பார்ந்த பெற்றோர்களே, இறைமக்களே! யாரும் பதற்றப்படாமல் வரிசையாக வெளியே செல்லவும். பிள்ளைகளின் கையை விடாமல் பிடித்துக்கொள்ளவும். பச்சைச் சட்டை அணிந்த ஐயா, என்ன யோசனை? நீங்கள் முதலில் எழுந்திருக்கவும்!"

தலைமை நடுவர் எழுந்துவிட்டார். திருவிழாக் கூட்டத்தையே கட்டி மேய்க்கிற குரல் அது, பாவம், அவர் என்ன செய்வார். முந்நூறு பேரும் புல்வெளிக்கு வந்து சேர்ந்தார்கள். டீ கொடுத்த ரோபோவைக்கூட ஒருவர் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார்.

நான் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைசியாக வந்தேன். அதுதான் நான் செய்த அடுத்த பிசகு. புல்வெளிக் காற்று அரங்கத்துக் காற்றைவிட நல்ல காற்று. பெட்டிக்கு வெறியே பிடித்துவிட்டது. "ஏய்! காத்து சரியில்ல!" என்பதை முடிப்பதற்குள் அடுத்த "ஏய்!" வந்தது.

"இங்கியும் வந்திருச்சி!" என்று அத்தை அலறினார். மைக் இல்லாததால் சொந்தத் தமிழ் திரும்பியிருந்தது. "அல்லாரும் இன்னும் தூரமா போங்க! போய்கினே இருங்க!"

புல்வெளியிலிருந்து மைதானம். மைதானத்தில் காற்று இன்னும் நன்றாக இருந்தது. சிவப்பு நிறத் தீயணைப்பு சிலிண்டரோடு காவலாளி ஒருவர் ஓடி வந்து நாலு பக்கமும் மூக்கைத் திருப்பி மோந்து பார்த்தார்.

"எதுவுமே வாசனை வரலையேம்மா?"

"அதாம்பா ஆபத்து!" என்றார் அத்தை. "நல்லா மோந்து பாரு! எதுவுமே வர்ல பாரு!"

ஒரு மணி நேரம் கழித்து, எங்கும் எந்தக் கசிவும் இல்லை என்று சொல்லி எல்லோரையும் உள்ளே அனுப்பினார்கள். எங்களை அனுப்பவில்லை. பச்சைச் சட்டைக்காரர் எங்கள் தாளில் 'கருவி இயங்கவில்லை' என்று எழுதி நீட்டினார். இயங்கவில்லையாம்! அது இயங்கியதை அந்த வட்டாரமே கேட்டது.

துறைத்தலைவர் சார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மரத்தடியில் நின்று, வினைமுற்றோடு, மெதுவாகச் சொன்னார்: "நாளைக் காலையில் மூட்டைகள் வந்துவிடும். உங்கள் பொருட்களை எடுத்து வைத்துவிடுங்கள்."

திரும்பி வரும் பஸ்ஸில் பெட்டி நிற்கவே இல்லை. மூக்கில் டேப்பை ஒட்டிப் பார்த்தேன், அப்போதும் கத்தியது. சுவிட்ச் இல்லை. மூடி திறக்காது. அத்தை அதன்மேல் புடவைத் தலைப்பைப் போட்டு மூடினார். தலைப்புக்குள்ளிருந்து அவர் குரலே "கொயந்தைங்கள தூக்கினு ஓடு" என்றது. கண்டக்டர் வந்தார்.

"இன்னாமே, பைக்குள்ள யாரு?"

"நான்தான்," என்றார் அத்தை.

கண்டக்டர் அத்தையைப் பார்த்தார், பையைப் பார்த்தார், முன்னால் போய்விட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தேன். அவமானத்துக்குக் கொஞ்சம், ரூமுக்கு நிறைய. அந்த மேஜை, நாங்கள் சுவரில் ஒட்டியிருந்த படங்கள், எரிந்த போர்டுகளை மாட்டி வைத்திருந்த ஆணி, எல்லாவற்றின் மேலும் நாளைக்கு மூட்டை.

"அயுவாதடி," என்றாள் நஸ்ரீன். "டேப்ப எடுத்துரு. நீ ஒட்டுனப்போ அந்த ஊரு காத்துதான் உள்ள மாட்டிகினு கீது. எதுக்குக் கத்துதுன்னு நான் பாக்கணும்." அவள் போனில் வந்து விழும் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டேப்பை எடுத்தேன். பாரிமுனையில் பஸ் மாறி ஏறினோம். அங்கே கத்தலுக்கு நடுவில் கொஞ்சம் இடைவெளி வந்தது. களைத்துவிட்டது என்று நினைத்தேன். ராயபுரம் வந்தபோது இன்னும் குறைந்தது. தண்டையார்பேட்டையில் ஒரு சிக்னல் முழுக்க ஒரே ஒரு "ஏய்!" மட்டும். நஸ்ரீன் ஒவ்வொரு ஸ்டாப்பிங் பெயரையும் கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்தாள். டேங்கர் லாரிகள் வரிசையாக நின்ற இடத்தில் எங்கள் பஸ்ஸும் நின்றது. பையிலிருந்து சத்தமே இல்லை. காலடிப்பேட்டை நெருங்கியது. ஜன்னல் வழியாக எங்கள் ஊர் வாடை முகத்தில் அடித்தது. பெட்டி தொண்டையைச் செருமிக்கொண்ட மாதிரி இருந்தது.

"காத்து சரியா கீது. அவங்கவங்க வேலைய பாருங்க."

பஸ்ஸே கைதட்டியது. பின்சீட்டிலிருந்து ஒருவர், "அப்பாடா! நம்ம ஏரியா வந்ததும் அதுக்கே நிம்மதியாயிடுச்சி பாரு!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் நஸ்ரீன் முகத்தைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அனிட்டா," என்றாள். "நாம இதுக்கு இன்னாடி சொல்லிக் குடுத்துட்டோம்?"

பன்னிரண்டு வீடு ஏறி இறங்கி நான் எழுதிய நோட்டு எனக்கு நினைவுக்கு வந்தது. நார்மல்தான்மா. இருமல். நார்மல்தான். 'சுத்தமான காற்று' என்று என் கையெழுத்தில், அடியில் கோடு போட்டு. பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை. நாங்கள் காட்டியதை அப்படியே கற்றுக்கொண்டு, அதற்கு மாறாக ஒன்றைப் பார்த்ததும் நேர்மையாகக் கத்தியிருக்கிறது. அந்த ஊர்க் காற்று எங்கள் காற்றிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை, அத்தை குரலில், பஸ் ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்காகச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபமாக இருந்தது. இருபது வருடம் இதை மூச்சாக இழுத்துவிட்டு, வேப்பமரத்துக் காற்றுக்கு நான் "ஒன் மினிட் சார்" சொல்லியிருக்கிறேன்!

மறுநாள் காலை நாங்கள் போனபோது ரூம் வாசலில் மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. துறைத்தலைவர் சார் மேற்பார்வை. நஸ்ரீன் போனில் இருந்த எண்களை ஜெராக்ஸ் கடையில் ஒரே நீளக் கோடாக அச்சடித்து எடுத்திருந்தோம். கோட்டின் ஒரு முனையில் அந்தக் கல்லூரி, மறுமுனையில் காலடிப்பேட்டை, நடுவில் ஸ்டாப்பிங் பெயர்கள். வடக்கே வர வரக் கோடு மேலே ஏறிக்கொண்டே போனது. நான் வாயைத் திறக்கவில்லை. (இதை நஸ்ரீன் இன்றும் உலக அதிசயமாகச் சொல்வாள்.) தாளை அவரிடம் நீட்டினேன்.

சார் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். ஒரு முனையிலிருந்து விரலை வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டு வந்தார். எதற்காக இந்தக் கோடு, பெட்டி எங்கே படித்தது, எதைச் சுத்தம் என்று நினைத்தது, எல்லாவற்றையும் நஸ்ரீன் நாலு வரியில் சொன்னாள். விரல் தண்டையார்பேட்டைக்கு வந்ததும் நின்றது. அங்கேயே இருந்தது.

"இது எங்க வூட்டு ஸ்டாப்பிங்கு," என்றார் சார்.

மூன்று வருடத்தில் அவர் வாயிலிருந்து 'வூடு' வந்து நாங்கள் கேட்டதில்லை.

"எம் பொண்ணு இங்கதான் இஸ்கோலுக்குப் போய்கினு கீது." தாளை மடிக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து, மூட்டை இறக்குகிறவர்களைப் பார்த்து, "அப்டியே நிறுத்துங்கப்பா," என்றார். எங்களைப் பார்த்து, "இன்னொரு வாட்டி பஸ்ல போய்ப் பாக்கலாமா? நானும் வரேன்."

முழு ரூமும் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதற்குள் பாதி மூட்டை இறங்கிவிட்டது. இறங்கியதைத் திரும்ப ஏற்ற யாருக்கும் அதிகாரம் இல்லையாம். அதனால் பாதி மூட்டைகளுக்கு, பாதி எங்களுக்கு. நாங்கள் அந்தக் கோட்டைக் கண்ணாடி போட்ட நடுவர் அம்மாவுக்கும் அனுப்பினோம். அன்று பெட்டி எந்த இடத்தில் எவ்வளவு வேகமாகக் கத்தியது என்பதையும் அவர் குறித்துக்கொண்டிருந்திருக்கிறார். மைதானத்தில்தான் உச்சம் என்று அவர் நோட்டிலும் இருந்தது. அந்தப் புல்வெளியிலேயே பதினைந்து நாள் பெட்டியை வைத்துப் புதிதாகப் பாடம் படிக்க வைக்க அனுமதி வாங்கிக் கொடுத்தார். ஒரே நிபந்தனை, அத்தை வரக் கூடாது.

மூடியை உடைத்துப் பெட்டியை மாற்றினோம். (சுத்தியலுக்கு அசையவில்லை. நைனா ஹார்பரிலிருந்து வேறு ஏதோ கொண்டுவந்தார்.) புல்வெளிக் காற்றைச் சுத்தம் என்று கற்றுக்கொண்ட பெட்டி எங்கள் மொட்டைமாடிக்குத் திரும்பியது. இந்த முறை இங்கே கத்தியது. காலையில், மதியம், மாலையில். மூன்று நாள் பொறுத்த எதிர்வீட்டுக்காரர் நான்காம் நாள் வந்து நின்றார்.

"தப்பா நெனச்சிக்காத கண்ணு. நீ சொல்றது நாயம்தான். ஆனா நாள் பூரா இதே பேஜாரா கீது. இது கத்துனா நாங்க எங்க ஓடுறது? வூடு இங்கதான கீது?"

அவர் கேட்டதில் ஒரு தவறும் இல்லை. அன்று நஸ்ரீன் சொன்ன யோசனைதான் இன்றுவரை நிற்கிறது. மோசமாக இருக்கும்போது பெட்டி கத்த வேண்டாம். பேசாமல் அளவுகளை எழுதிக்கொண்டே இருக்கட்டும், அந்தத் தாளை யாரிடம் கொண்டுபோய் நீட்ட வேண்டுமோ அவர்களிடம் நாம் நீட்டலாம். காற்று நன்றாக இருக்கிற அன்றைக்கு மட்டும் அது பேசட்டும்.

இப்போது அந்த அரை ரூமில் புதுப் பிள்ளைகள் பதினோரு பேர். தேர்வுத்தாள் மூட்டைகளைச் சுவரோரம் அடுக்கி பெஞ்சாக உட்காருகிறார்கள். பெட்டிகள் பெருகி, எண்ணூர் வரைக்கும் வெவ்வேறு மொட்டைமாடிகளில் இருக்கின்றன. நான் சென்சார் செய்கிற சின்ன நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். நஸ்ரீன் எங்கள் கல்லூரியிலேயே பாடம் எடுக்கிறாள். பெட்டிகளின் தாள்களோடு சாரும் அவளும் ஏறாத அலுவலகப் படி இல்லை. சில இடத்தில் உட்காரச் சொல்கிறார்கள் இப்போது.

வீட்டில் மட்டும் எனக்கு மன்னிப்பே கிடையாது. ஏலகிரி மலைக்குப் போனால் வண்டியை விட்டு இறங்கியதும் நைனா மூச்சை இழுத்துவிட்டு அத்தையைப் பார்ப்பார். அத்தை கடமை தவறாமல், "ஏய்! காத்து சரியில்ல! கொயந்தைங்கள தூக்கினு ஓடு!" என்பார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் தாம்பரம் பக்கம் தோட்டம் வைத்த வீடு என்று சொன்னதும், "பாப்பாவுக்கு அந்தக் காத்து ஒத்துக்காதுங்களே" என்று நைனா முகத்தை மாற்றாமல் சொன்னார். கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது. என் கணவர் இன்னும் அதற்கு விளக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

போன ஐப்பசியில் ஒரு வாரம் விடாத மழை. நான் அம்மா வீட்டில் இருந்தேன். மழை விட்ட அன்று காலை கடலிலிருந்து காற்று வீசியது. அம்மா இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள், நைனா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். மொட்டைமாடியிலிருந்து குரல் வந்தது. நாங்கள் அப்படி ஒரு பெட்டி பேசும் என்பதையே மறந்திருந்தோம்.

"காத்து சரியா கீது. அவங்கவங்க வேலைய பாருங்க."

யாரும் வேலையைப் பார்க்கவில்லை. அம்மா கரண்டியோடு மாடி ஏறினாள். நைனா ஒற்றைச் செருப்போடு ஏறினார். எதிர்வீட்டுக்காரர் தன் மாடியில், அடுத்த மாடியில் நார்மல்தான்மா அக்கா, தெரு முழுக்க மாடிகளில் ஆட்கள். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு மூக்கால் இழுத்துக்கொண்டு நின்றார்கள். கடைசியாக மூச்சு வாங்க ஏறி வந்த ரீட்டா அத்தை, இடுப்பில் கையை வைத்துத் தெருவைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

"நான்தான் சொல்றேன் இல்ல, சரியா கீதுன்னு? இன்னும் இன்னா நின்னுகினு கீறீங்க?"

சொல்லிவிட்டு அவரும் எங்களோடு நின்றுகொண்டார்.